தீப்பெட்டி, பொட்டலம், அட்டைப்பெட்டி: வடசென்னையில் காகித மடிப்பின் வரலாறு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இரயில் தடத்தில், திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் இடையே விம்கோ நகர் என்ற நிலையம் உள்ளது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே நீட்டிக்கப்பட்ட மெட்ரோ இரயில் தடத்திலும் அதே பெயரில் ஒரு நிலையம் வந்தது. விம்கோ என்பது ஊர்ப்பெயரோ தலைவர் பெயரோ அன்று. 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம் அது. ஒரு தீப்பெட்டி நிறுவனம் தன் பெயரை ஒரு நகர்ப்பகுதிக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

தீப்பெட்டி என்றதும் குச்சியும் மருந்தும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தொழிலில் அதிகக் கைகளுக்கு வேலை கொடுத்தவற்றுள் பெட்டி செய்யும் வேலையும் ஒன்று. சீவலையும் காகிதத்தையும் மடித்து ஒட்டி, விரலால் தள்ளினால் திறக்கும் ஒரு பெட்டியைக் காசுக்கு அடங்கும் செலவில் செய்தாக வேண்டும். பொட்டலம், காகிதப் பை, சிகரெட் உறை, மருந்து அட்டைப்பெட்டி எல்லாம் இதே வகைப் பொருள்கள். இவற்றின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். மடிக்கும் வேலையை யார் செய்கிறார், எந்த இடத்தில் செய்கிறார், அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது? வடசென்னையில் இந்தக் கேள்விக்கு மூன்று வகை விடைகளைக் காணலாம்.

மடிப்பின் கணக்கு

பசையே இல்லாமல் பெட்டி செய்ய முடியும். சப்பானியர் 'மசு' என்று அழைக்கும் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் ஊர்ப் படியைப் போல, மசு என்பது அரிசி அளக்கும் மரப்பெட்டி. காகிதத்தில் மடிக்கும் பெட்டிக்கும் அந்தப் பெயரே வந்தது. சதுரத் தாள் ஒன்றை எடுத்து நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடிக்க வேண்டும். கிடைக்கும் சிறிய சதுரத்தின் எதிரெதிர் விளிம்புகளை நடுக்கோடு வரை மடித்துப் பிரித்து, மற்ற இரு விளிம்புகளையும் அவ்வாறே மடித்துப் பிரித்தால் தாளில் கட்டம் கட்டமாகக் கோடுகள் விழும். பிறகு எதிரெதிரான இரண்டு மூலைகளை மட்டும் விரித்துவிட்டு, மடிந்திருக்கும் இரு பக்கங்களையும் சுவராக நிறுத்த வேண்டும். விரிந்த முனைகளை உயர்த்தி உள்ளே கவிழ்த்தால் மற்ற இரண்டு சுவர்களும் எழுந்துவிடும். நான்கு முனைகளும் பெட்டியின் அடியில் நடுவே கூடிக்கொள்ளும். பழைய நாள்காட்டித் தாள் இதற்கு மிகவும் ஏற்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். 20 செ.மீ. சதுரத் தாளில் மடித்தால் கிடைக்கும் பெட்டியின் அடிப்பக்கம் ஏறத்தாழ 7 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. தாளின் பரப்பு 400 சதுர செ.மீ. பெட்டியின் அடியும் நான்கு சுவர்களும் சேர்ந்து 150 சதுர செ.மீ. மட்டுமே. எட்டில் மூன்று பங்கு காகிதம்தான் பெட்டியாகிறது. எஞ்சிய ஐந்து பங்கும் மடிப்புக்குள் மறைந்து பெட்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதே அளவுப் பெட்டியைக் கத்தரித்து, ஓரத்தில் சிறு நாக்குகள் விட்டுப் பசையால் ஒட்டினால் 165 சதுர செ.மீ. அளவுக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆக, பசை காகிதத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் பசை தடவவும், ஒட்டும் வரை அழுத்திப் பிடிக்கவும், காய வைக்கவும் ஆளும் இடமும் நேரமும் வேண்டும். காகிதம் விலை உயர்ந்ததாகவும் மனித உழைப்பு மலிவானதாகவும் இருக்கும் இடத்தில் பசை வெல்லும். தீப்பெட்டியின் கதை முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

காகித மடிப்பைக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது சென்னைக்குப் புதிதும் அன்று. தண்டலம் சுந்தர ராவ் எழுதிய, காகித மடிப்பு வழியாக வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூல் 1893இல் சென்னையில் அடிசன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. மழலையர் பள்ளிகளில் கொடுக்கப்பட்ட வண்ணக் காகிதச் சதுரங்களே அவருக்குத் தூண்டுதல். அளவுகோலும் கவராயமும் இல்லாமல், மடிப்பை மட்டுமே கொண்டு சதுரம், ஐங்கோணம், அறுகோணம் தொடங்கி வளைகோடுகள் வரை அவர் சென்றார். செருமானியக் கணித அறிஞர் பெலிக்சு கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டதால் உலகின் பார்வை அதன்மேல் விழுந்தது. 1901இல் சிகாகோவில் அது மறுபதிப்புக் கண்டது. சுந்தர ராவின் அக்கறை வடிவங்களில் இருந்தது, பெட்டியில் அன்று. ஆயினும் மூலையை நடுவுக்கு மடித்தால் பரப்பு சரிபாதியாகும் என்பது போன்ற, மேலே போட்ட கணக்குக்கு அடிப்படையான உண்மைகளை அந்த நூலின் வழியில் மடித்தே மெய்ப்பிக்கலாம். பள்ளி மாணவர்கள் இன்றும் செய்து பார்க்கத் தக்கவை அவை.

பொட்டலம்

முதல் விடை கடைக்காரரின் கை. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மளிகைக் கடைகளில் நெகிழிப் பை வருவதற்கு முன்பு எல்லாமே பொட்டலம்தான். துறைமுகத்திலும் ஆலைகளிலும் அன்றாடக் கூலி வாங்கிய குடும்பங்கள் அன்றாடத் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கின. கால் படி பருப்பு, ஒரு கை புளி, சிறிது கடுகு, மிளகு. சில்லறை எவ்வளவு சிறிதாகிறதோ பொட்டலத்தின் எண்ணிக்கை அவ்வளவு பெருகும்.

பொட்டலத்தில் இரண்டு வகை உண்டு. தாளை ஒரு மூலையிலிருந்து சுருட்டி, அடிமுனையை முறுக்கினால் கூம்பு. கடலையும் சுண்டலும் இதில்தான் வரும். உண்பவர் கையிலேயே திறந்த கிண்ணமாக இருப்பதால் மேல்பக்கம் மூட வேண்டியதில்லை. மளிகைக்கு அதே கூம்பின் வாயை மூன்று மடிப்பாக உள்ளே கவிழ்த்து, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, முடிச்சே போடாமல் நுனியைச் செருகிவிடுவார்கள். பொருளை நிறுத்து, தாளில் கொட்டி, மடித்துச் சுற்றுவது வரை எல்லாம் சில நொடிகளில் நடந்துவிடும். பசை கிடையாது. பொருளின் எடையே மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பொருளை எடுத்துவிட்டால் பொட்டலம் மீண்டும் வெறும் தாளாகிவிடும்.

தாள் பெரும்பாலும் பழைய செய்தித்தாள் அல்லது பள்ளி விடைத்தாள். சுண்டல் தின்று முடித்தபின் யாரோ ஒரு மாணவரின் வரலாற்றுத் தேர்வு மதிப்பெண்ணைப் படிக்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைத்திருக்கும். இங்கே காகிதம் இரண்டாம் முறை பயன்படுவதால் விலை குறைவு. எனவே மசுவைப் போலக் காகிதத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம், பசையும் வேண்டாம். மடிப்புக்கான உழைப்பு கடைக்காரரின் வணிக நேரத்துக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. யாருக்கும் தனிக் கூலி இல்லை.

தீப்பெட்டி வந்த வழி

இரண்டாம் விடை பசை. பாதுகாப்புத் தீக்குச்சி என்பது சுவீடனின் கண்டுபிடிப்பு. குச்சியின் தலையில் ஒரு மருந்தும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாசுபரசு கலந்த இன்னொரு பூச்சும் இருக்கும். குசுத்தாவ் பாசு 1844இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். யோன்சோப்பிங் நகரின் இலண்டுசுத்துரோம் உடன்பிறப்புகள் அதைத் தொழிலாக வளர்த்தனர். இம்முறையில் பெட்டி வெறும் கொள்கலமாக இல்லை. பெட்டி இல்லாமல் குச்சி பற்றாது. எனவே குச்சிக்கு ஈடாகப் பெட்டியும் பெருமளவில் தேவைப்பட்டது.

அந்தப் பெட்டியின் அமைப்பு கவனிக்கத் தக்கது. மரக்கட்டையைச் சுழலவிட்டுக் கத்தியால் மெல்லிய சீவலாக உரித்தெடுப்பார்கள். மடிய வேண்டிய இடங்களில் கோடு கீறியிருக்கும். வெளிப்பெட்டிக்கு ஒரு சீவலை நான்காக மடித்துக் காகிதத்தைச் சுற்றி ஒட்டினால் இருபுறமும் திறந்த உறை கிடைக்கும். உள்பெட்டிக்குச் சுவராக ஒரு சீவலும் அடியாக ஒரு சீவலும் போதும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மேலே ஒட்டப்படும் காகிதப் பட்டை. ஆணியின் வேலையைக் காகிதமே செய்கிறது. பழைய தீப்பெட்டியை நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நீலக் காகிதம் நினைவிருக்கும்.

ஐரோப்பாவில் இந்த ஒட்டும் வேலையை முதலில் செய்தவர்கள் ஏழைக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும்தான். இலண்டனின் கிழக்குப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு குரோசு, அதாவது 144 பெட்டிகள், ஒட்டினால் இரண்டேகால் பென்சு கூலி. பசைக்கும் கட்டும் நூலுக்கும் அவர்களே காசு போட வேண்டும். 1892இல் சுவீடனின் அலெக்சாண்டர் இலாகர்மான் குச்சி முதல் நிரப்பிய பெட்டி வரை தொடர்ச்சியாகச் செய்யும் எந்திரத்தை உருவாக்கிய பின்பே அந்தக் கை வேலை மெல்ல ஒழிந்தது.

இந்தியாவுக்குத் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1922இல் அரசு இறக்குமதி வரியைக் குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. வருவாய்க்காகப் போட்ட வரி, எதிர்பாராத விதமாக உள்நாட்டுத் தொழிலுக்கு வேலியாகிவிட்டது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வர வழி தேடினர். ஈவார் குரூகர் தலைமையில் 1917இல் உருவான சுவீடிசு மேட்ச் நிறுவனம் 1923இல் விம்கோவைத் தொடங்கியது. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் ஆலை எழுந்தது. கல்கத்தா, பரேலி, சென்னை ஆகிய இடங்களிலும் விம்கோவுக்கு ஆலைகள் அமைந்தன. சென்னை ஆலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் திருவொற்றியூர். துறைமுகம் அருகே, இரயில் தடம் வாசலில், பக்கத்தில் பரந்த வெற்று நிலம். இதே காரணங்களுக்காகப் பின்னாளில் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் எம்.ஆர்.எப்., என்பீல்டு ஆலைகளும் வந்தன. விம்கோவின் 'சிப்', 'ஓம்லைட்சு' போன்ற தீப்பெட்டிகள் நாடெங்கும் விற்றன. விம்கோவில் பெட்டி எந்திரத்திலேயே மடிந்து ஒட்டப்பட்டது.

அதே 1922-23 ஆண்டுகளில் இன்னொரு பயணம் நடந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வறண்ட நிலமும் வேலையில்லாத கைகளும் நிறைந்த சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் பகுதிகளில் தீப்பெட்டி பெருந்தொழிலாக வளர்ந்தது. அங்கே பெட்டி கையால் ஒட்டப்பட்டது. ஒரே பொருள், ஒரே மாநிலம், இருவேறு உலகங்கள்.

வரியும் பசையும்

எந்திரம் கைவேலையை விழுங்கிவிடும் என்பதே பொது விதி. தமிழ்நாட்டுத் தீப்பெட்டியில் அந்த விதி பலிக்கவில்லை. காரணம் வரி.

1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கும் சட்டம் வந்தது. பெட்டியில் எத்தனை குச்சி என்பதைப் பொறுத்து வரி. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியின் மேலும் அரசின் முத்திரைச் சீட்டை ஒட்ட வேண்டும். மூலப்பொருளையோ ஆலையையோ கண்காணிப்பதைவிடப் பெட்டியை எண்ணுவது எளிது. ஆக, மடித்த அந்தச் சிறு பெட்டியே வரி அளக்கும் படியாகிவிட்டது.

சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை என்ற கொள்கை விடுதலைக்குப் பின் விரிவடைந்தது. உற்பத்தி வரி அறிவிக்கைகளில் கைவேலைத் தீப்பெட்டி எது என்று வரையறுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து வேலைகள் பட்டியலிடப்பட்டன. சட்டத்தில் குச்சி அடுக்குதல், மருந்தில் தோய்த்தல், பெட்டியில் குச்சி நிரப்புதல், பெட்டியின் மேலோ சீவல் அல்லது அட்டையின் மேலோ வில்லை ஒட்டுதல், பொதிதல். இவற்றுள் எதையும் எந்திர விசையால் செய்யாதவருக்கே மிகக் குறைந்த வரி. வில்லையைப் பசை தடவிக் கையால் ஒட்டுகிறார்களா என்பது நாட்டின் வரிச் சட்டம் கேட்கும் கேள்வியாக இருந்தது. இப்படியொரு மரியாதை வேறெந்தப் பசைக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இதன் விளைவை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பன்னாட்டு நிறுவனத்தின் எந்திரத்திடமிருந்து இலட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைக் காத்தது இந்த வரி வேறுபாடு. விம்கோ சந்தையின் பெரும்பகுதியைச் சிவகாசியிடம் இழந்தது. அதே வேளையில், கைவேலை மலிவாக இருந்தால்தான் சலுகை பயன் தரும் என்பதால் கூலி உயரவும் வழியில்லாமல் போனது. வேலை பெருகியது, வேலையின் விலை பெருகவில்லை. இலண்டனில் நடந்ததே மீண்டும் நடந்தது. கீறிய சீவலையும் காகிதத்தையும் குரோசுக் கணக்கில் வீட்டுக்கு எடுத்துச் சென்று, மைதா அல்லது மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டி, காயவைத்துத் திருப்பிக் கொடுக்கும் முறை. குரோசுக் கணக்கில் கூலி என்றால் வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் வேலை செய்யும். சிறுவர் கையும் அதில் அடக்கம்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரின் துணையோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் அதே சட்டம் விலக்கு அளித்தது. பெட்டி ஒட்டுதல் அந்த விலக்குக்குள் வசதியாகப் பொருந்திக்கொண்டது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர்மிக்க தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. பள்ளி மதிய உணவும், கண்காணிப்பும், தீர்ப்பும் சேர்ந்து அடுத்த ஆண்டுகளில் நிலைமையைப் பெரிதும் மாற்றின. மடித்து ஒட்டும் சீவல் பெட்டியின் இடத்தில் அச்சிட்ட அட்டைப்பெட்டி வந்ததற்கும் இதில் பங்குண்டு என்று கருதலாம். அட்டையில் தனியாக வில்லை ஒட்டத் தேவையில்லை.

2017இல் சரக்கு சேவை வரி வந்தபோதும் பழைய வேறுபாடு தொடர்ந்தது. கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 18 விழுக்காடு. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 விழுக்காடு என்று ஒரே வரி ஆனது. கைக்கும் எந்திரத்துக்கும் இடையே வரிச் சட்டம் நெடுங்காலம் போட்டு வைத்திருந்த கோடு அன்றோடு அழிந்தது. திருவொற்றியூர் நிறுவனமோ அதற்கு முன்பே கைமாறிவிட்டது. 2005இல் விம்கோவை ஐடிசி தன் துணை நிறுவனத்தின் வழியாக வாங்கியது.

மடிந்தே வரும் அட்டை

மூன்றாம் விடையும் திருவொற்றியூரில் கிடைக்கிறது. அன்றைய இம்பீரியல் டொபாக்கோ, இன்றைய ஐடிசி, தன் சிகரெட் உறைகளை அச்சிடுவதற்காக 1925இல் பொதிப் பிரிவைத் தொடங்கியது. அந்தப் பிரிவின் பெரிய ஆலைகளில் ஒன்று திருவொற்றியூரில் உள்ளது. சிகரெட் உறையோடு மற்ற நிறுவனங்களின் பண்டங்களுக்கான மடிப்பு அட்டைப்பெட்டிகளும் அங்கே உருவாகின்றன.

இவ்வகைப் பெட்டியின் தொடக்கமாக ஒரு தவறு சொல்லப்படுகிறது. 1879இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தன. மடிப்புக்கோடு பதிக்க வேண்டிய உலோகத் தகடு இடம் பெயர்ந்து பைகளை வெட்டிவிட்டது. நட்டத்தைப் பார்த்த கேருக்கு, ஒரே அழுத்தத்தில் வெட்டவும் மடிப்புக்கோடு பதிக்கவும் முடியும் என்பது புலப்பட்டது. அதன் பிறகு அட்டைப்பெட்டி தட்டையாகவே ஆலையிலிருந்து புறப்படத் தொடங்கியது.

இதில்தான் கணக்கு மாறுகிறது. அட்டையை வெட்டி, கோடு பதித்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் ஆலையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். பெட்டி தட்டையாக அடுக்கப்பட்டு லாரியில் போகிறது. பற்பசையோ மாத்திரையோ நிரப்பும் இடத்தில் இருபுறமும் அழுத்தினால் பெட்டி எழுந்து நிற்கும். மேலும் கீழும் உள்ள நாக்குகள் மசுவின் முனைகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். பாதி பசை, பாதி மடிப்பு. காலிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு லாரி வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய ஆதாயம்.

காகிதத்தின் நார் ஓடும் திசையை இத்தொழிலில் எவரும் மறப்பதில்லை. நாரோடு மடித்தால் கோடு நேராக விழும், குறுக்கே மடித்தால் அட்டை வெடிக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசையே நார் ஓடும் திசை. பெட்டி மடிக்கும்போது நீண்ட மடிப்பை அந்தத் திசையில் வைத்துக்கொண்டால் பெட்டி நன்றாக நிற்கும்.

நெகிழிக்குப் பின்

நெகிழிப் பை பரவியபோது பொட்டலமும், செய்தித்தாளில் ஒட்டிய காகிதப் பையும் ஒருசேரச் சரிந்தன. கைச்சுற்றும் நூல்கண்டும் கடைகளிலிருந்து மறைந்தன. தமிழ்நாடு அரசு 2018 சூன் 5 அன்று அறிவித்து, 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. காகிதத்துக்குக் கதவு திறந்தது போலத் தோன்றினாலும், அதற்கு முன்பே இன்னொரு கதவு சாத்தப்பட்டிருந்தது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. 2018இல் வந்த பொதிவு விதிகள் அதையே தடையாக்கின.

சூடான பச்சியிலும் எண்ணெய் வழியும் வடையிலும் மை எளிதில் ஏறும் என்பதால் விதி நியாயமானது. ஆனால் பொட்டலத்தின் மலிவு, தாள் இரண்டாம் முறை பயன்பட்டதில்தான் இருந்தது. புதுத் தாள் வாங்கினால் கணக்கு மீண்டும் மாறுகிறது. காகிதம் விலையேறியதும் கடைக்காரர் சிறிய தாளுக்கும் ஒட்டிய பைக்கும் போகிறார். ஒட்டிய பை என்றால் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து பசை தடவ வேண்டும். மகளிர் குழுக்கள் காகிதப் பை செய்யப் பயிற்சி பெறும்போது, ஒரு பைக்கு எவ்வளவு, பசைக்கான செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.